விக்டோரியக் காலக் கடற்படை அதிகாரி ஒருவரின் தாள்களைத் தேடிப் படிக்கத் தொடங்குவோருக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவரின் வாழ்க்கையை மூல ஆவணங்களிலிருந்து அறிய முனைவோர் பெரும்பாலும் அவருடைய கடிதக் கட்டைத்தான் முதலில் பிரிக்கிறார்கள். கடிதங்கள் சுவையானவை என்பதால் அந்த ஆசை இயல்பானதே. ஆனால் எழுதியவர் அன்று எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில், யாருக்குக் கீழே இருந்தார் என்பது தெரியாமல் கடிதத்தைப் படித்தால், அதில் ‘பெரியவர்’ என்று வருபவர் யார், ‘அந்த விவகாரம்’ என்பது எது என்று ஒன்றும் பிடிபடாது. ஆகவே இந்த வழிகாட்டி கடிதத்தைக் கடைசியில் வைக்கிறது. முதலில் கப்பல்களின் வரிசை, அடுத்து அலுவல் தாள்கள், அதன்பின் சொந்தக் கடிதங்கள், முடிவில் ஒரே நாளில் எழுதப்பட்ட அலுவல் தாளையும் சொந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தல் என்பதே நான் பரிந்துரைக்கும் முறை.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் எதுவும் மனதில் நிற்காது என்பதால் ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். ஜெஃப்ரி ஃபிப்ஸ் ஹார்ன்பி 1825இல் பிறந்து, 1837இல் பன்னிரண்டு வயதில் கப்பலேறி, 1888இல் அட்மிரல் ஆஃப் தி ஃப்ளீட் என்னும் உச்சப் பதவியை அடைந்து, 1895இல் இறந்தவர். விக்டோரியா அரசி முடிசூடிய ஆண்டும் இவர் பணியில் சேர்ந்த ஆண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. பாய்மரக் கப்பலில் தொடங்கி இரும்புக் கவசக் கப்பல் படைக்குத் தலைமை தாங்கியது வரை அவருடைய பணிக்காலம் நீள்கிறது. அவருடைய அலுவல் தாள்கள் லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், சொந்தத் தாள்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலும் இருப்பதால், இரண்டு இடங்களையும் பழகிக்கொள்ள இவர் நல்ல பாடம்.

கப்பல் வரிசையை முதலில் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் ஆண்டு, கப்பல், பதவி, மேலதிகாரி, கடற்பகுதி என்று ஐந்து கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இதை நிரப்ப நேவி லிஸ்ட் என்னும் அதிகாரப்பூர்வப் பட்டியல் முதல் துணை. 1814 முதல் ஆண்டுக்குப் பலமுறை அச்சிடப்பட்ட இதில் ஒவ்வொரு அதிகாரியின் பதவியும், அந்தப் பதவி கிடைத்த தேதியும், அவர் அப்போது இருந்த கப்பலும் இருக்கும். பழைய தொகுதிகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நூற்றாண்டின் முன்பாதியில் பணியில் சேர்ந்தவர் என்றால், 1849இல் வில்லியம் ஓ’பைர்ன் வெளியிட்ட கடற்படை வாழ்க்கை வரலாற்று அகராதியையும் பாருங்கள். அப்போது வாழ்ந்திருந்த லெப்டினன்ட் தரத்தினரும் அதற்கு மேற்பட்டோரும் அதில் இடம்பெறுகிறார்கள். பதவி உயர்வுகளும் போர் அறிக்கைகளும் லண்டன் அரசிதழில் வெளியாயின, அதுவும் இணையத்தில் இருக்கிறது.

இவற்றோடு கியூவில் உள்ள ஏடிஎம் 196 என்னும் வரிசையின் பணிப் பதிவேட்டையும் சேருங்கள். தமிழில் எழுதும்போது இது பணம் எடுக்கும் இயந்திரம் போலத் தோன்றினாலும், அட்மிரால்டி என்னும் கடற்படைத் தலைமையகத்தின் பெயரைச் சுருக்கி வைத்த குறியீடு இது. அதிகாரி ஒருவருக்கு ஒரு பக்கமோ சில பக்கங்களோ ஒதுக்கி, அவர் ஏறிய கப்பல்கள், ஏறிய தேதி, இறங்கிய தேதி, சில வேளைகளில் மேலதிகாரியின் மதிப்பீடு ஆகியவற்றைப் பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். காப்பகத்தின் இணையப் பட்டியலில் பெயரை இட்டுத் தேடினால் பலருடைய பக்கங்கள் படமாகவே கிடைக்கும்.

ஹார்ன்பிக்கு இந்தக் கட்டங்களை நிரப்பினால் வரும் வரிசை சுருக்கமாக இது: 1837இல் மத்தியதரைக் கடலில் பிரின்சஸ் சார்லட், அதில் இருந்தபடியே 1840இல் பாலஸ்தீனக் கரையில் உள்ள ஏக்கர் என்னும் ஊர்க் கோட்டை மீதான தாக்குதல், அடுத்து நன்னம்பிக்கை முனையில் வின்செஸ்டர், 1844இல் லெப்டினன்டாகி, ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் பணியில் கிளியோபாட்ரா, பிறகு பசிபிக்கில் தந்தையின் தலைமையில் ஏஷியா, 1852இல் கேப்டன். அதற்கு அடுத்த கட்டம் ஏறத்தாழ ஆறாண்டு காலியாக இருக்கிறது. 1858இல் ட்ரிபியூன் என்னும் கப்பல் கிடைக்கும்வரை அவருக்குக் கப்பலே இல்லை.

புதிதாக வருவோர் இந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்து ஆவணம் தொலைந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆவணம் எதுவும் தொலையவில்லை. அக்காலக் கடற்படையில் கப்பல்களைவிட அதிகாரிகள் அதிகம். கப்பல் கிடைக்காதவர் அரைச் சம்பளத்தில் வீட்டில் இருப்பார், பணிமூப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். கிரிமியப் போர் நடந்த ஆண்டுகள் முழுவதையும் ஹார்ன்பி திருமணம் செய்துகொண்டு, சசெக்ஸில் குடும்ப நிலபுலன்களைக் கவனித்துக்கொண்டு கழித்தார். இப்படிக் காலியான ஆண்டுகளைக் கண்டால் அப்போது ஆட்சியில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஹார்ன்பி இருபத்தேழு வயதில் கேப்டனானது 1852இல், உறவினரான டெர்பி பிரபு பிரதமராக இருந்தபோது. மறுபடியும் கப்பல் கிடைத்தது 1858இல், அதே டெர்பி பிரபு மீண்டும் பிரதமரானபோது. இது தற்செயலாக நேர்ந்தது என்று நான் நம்பவில்லை. கேப்டன் பதவி வரை செல்வாக்கு பேசும். கேப்டனானபின் பணிமூப்பு மட்டுமே பேசும், அதாவது மேலே இருப்பவர் இறந்தாலோ ஓய்வு பெற்றாலோதான் கீழே இருப்பவர் ஏற முடியும். இந்த ஒரு விதி புரிந்தால் அக்காலக் கடிதங்களில் கேப்டன் பதவிக்காக நிகழும் பதற்றமும், அதன்பின் வரும் அமைதியும் விளங்கும்.

‘கேப்டன்’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. சிறிய கப்பலுக்குத் தலைமை தாங்கும் லெப்டினன்டையும் கமாண்டரையும் கப்பலில் உள்ளவர்கள் மரியாதைக்குக் கேப்டன் என்றே அழைப்பார்கள். கடிதத்தில் அச்சொல் வந்தவுடன் அதைப் பதவியாக எடுத்துக்கொள்ளாமல், நேவி லிஸ்ட்டைத் திறந்து தேதியைச் சரிபாருங்கள்.

ஒரே பெயர், இரண்டு ஆட்கள்

குடும்பமே கடற்படையில் இருந்தால் பெயர்க் குழப்பம் நிச்சயம். ஜெஃப்ரியின் தந்தை ஃபிப்ஸ் ஹார்ன்பியும் அட்மிரல்தான். 1811இல் ஏட்ரியாட்டிக் கடலில் லிசா தீவருகே நடந்த சண்டையில் வோலேஜ் கப்பலை நடத்தியவர். 1840களின் இறுதியில் இருவரும் ஒரே கப்பலில், ஏஷியாவில், இருந்திருக்கிறார்கள். ‘ஹார்ன்பி, ஏஷியா’ என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்தவர் வீட்டுக்குப் போனபின் அது அப்பாவா பிள்ளையா என்று விழிக்க வேண்டியதுதான். நானும் அப்படி விழித்தவன். அன்றிலிருந்து ஒவ்வொரு குறிப்பிலும் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டை எழுதுகிறேன்.

கப்பல் பெயர்களும் திரும்பத் திரும்ப வரும். 1797இல் ஹாலிஃபாக்ஸ் அருகே உடைந்துபோன ட்ரிபியூன் வேறு, 1853இல் கடலில் இறக்கப்பட்டு ஹார்ன்பி நடத்திய 31 பீரங்கி நீராவிக் கப்பல் வேறு. கப்பலின் பெயரோடு அது கடலில் இறக்கப்பட்ட ஆண்டையும் சேர்த்தே குறிக்கப் பழகுங்கள்.

கியூவில் அலுவல் தாள்கள்

மூல ஆவணங்களைக் கையில் எடுக்க வாசகர் அட்டை வேண்டும். பெயருக்கு ஒரு சான்றும் முகவரிக்கு ஒரு சான்றும் கொண்டுபோனால் அங்கேயே தருவார்கள். உள்ளே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டுமே. கேமராவோ கைபேசியோ கொண்டு நீங்களே படம் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அங்கே உட்கார்ந்து படியெடுத்து நேரத்தைப் போக்காதீர்கள். ஒவ்வொரு கட்டின் முதல் படமாக அதன் குறியீட்டுச் சீட்டை எடுங்கள். இதைச் செய்யாமல் ஐந்நூறு படங்களோடு ஊர் திரும்பினால் எந்தப் படம் எந்தக் கட்டிலிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

தேட வேண்டியவை முக்கியமாக மூன்று. ஏடிஎம் 1 என்பது தலைமையகத்துக்கு வந்த கடிதங்களின் பெருங்கடல். அதில் நேரடியாகக் குதிக்கக் கூடாது. அதற்குத் திறவுகோலாக ஏடிஎம் 12 இருக்கிறது; வந்த கடிதங்களை எழுத்தர்கள் ஆண்டுவாரியாக ஆட்பெயர், கப்பல் பெயர் வரிசையில் ஒரு தொகுதியாகவும், பொருள்வாரியாக எண்ணிட்டு இன்னொரு தொகுதியாகவும் சுருக்கி எழுதிவைத்த தடித்த பேரேடுகள் அவை. அதில் உங்கள் ஆளின் பெயரைக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருக்கும் எண்ணைக் கொண்டு ஏடிஎம் 1இல் கடிதத்தைத் தேட வேண்டும். முதல் நாள் இது எரிச்சலூட்டும், மூன்றாம் நாள் கை பழகிவிடும். பேரேட்டில் சுருக்கம் இருந்து கடிதம் மட்டும் இல்லாமல் போவதும் உண்டு. அப்போது அந்தச் சுருக்கமே உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி என்பதால் அதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஏடிஎம் 53இல் உள்ள கப்பல் லாக் புத்தகங்கள். ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். இடப்பக்கம் மணி ஒன்று முதல் பன்னிரண்டு வரை மேலிருந்து கீழே; அதையடுத்து வேகம், திசை, காற்று, பாரமானி, வெப்பநிலை; ஓரத்தில் குறிப்புகள். அந்தக் குறிப்புகளில் பாய் இறக்கியது, தளம் கழுவியது, மாட்டிறைச்சி இத்தனை ராத்தல் வந்தது, இன்னாருக்குத் தண்டனை என்ற அளவில்தான் இருக்கும். கப்பலையே உலுக்கிய நிகழ்ச்சி நடந்த நாளிலும் லாக் புத்தகம் உணர்ச்சியைக் காட்டாது. அதனால்தான் அதை நம்பலாம். கப்பல் நங்கூரமிட்ட நேரத்தைக் கேப்டன் ஒருவாறு நினைவுகூர்ந்து மனைவிக்கு எழுதியிருந்தால், லாக் புத்தகத்தில் உள்ள நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரீனிச்சில் சொந்தத் தாள்கள்

கிரீனிச் அருங்காட்சியகத்தின் கெய்ர்ட் நூலகம் ஒவ்வொரு அதிகாரியின் சேகரிப்புக்கும் மூன்றெழுத்துக் குறியீடு வைத்திருக்கிறது. ஹார்ன்பி குடும்பத்துக்கு பிஎச்ஐ, அட்மிரல் மில்னுக்கு எம்எல்என் என்பதுபோல. போகும் முன்பே வருகையைப் பதிவுசெய்து, வேண்டிய கட்டுகளையும் கேட்டுவைத்துவிட வேண்டும். உங்கள் அதிகாரியின் தாள்கள் கிரீனிச்சில்தான் இருக்கின்றன என்பது உறுதியில்லை என்றால், கியூவின் இணையப் பட்டியலிலேயே அவர் பெயரைத் தேடுங்கள். பிரிட்டனின் பிற காப்பகங்களில் உள்ள தனியார் சேகரிப்புகளையும் அது காட்டும். மாவட்டக் காப்பகங்களில் எதிர்பாராத கட்டுகள் அகப்படுவதுண்டு.

சொந்தத் தாள்கள் என்ற பெயரில் பலவகைத் தாள்கள் கலந்துகிடக்கும். மனைவிக்கு எழுதிய கடிதம், நண்பர்களிடமிருந்து வந்தவை, நாட்குறிப்பு, செலவுக் கணக்கு, கையால் வரைந்த கரையோரப் படம், இவற்றோடு அலுவல் கடிதங்களின் நகல் புத்தகங்களும் இருக்கும். நகல் புத்தகம் என்பது, தான் அனுப்பிய ஒவ்வொரு அலுவல் கடிதத்தையும் எழுத்தரைக் கொண்டு படியெடுத்துவைத்த ஏடு. கியூவில் மூலக் கடிதம் அழிந்திருந்தாலும் கிரீனிச்சில் அதன் நகல் கிடைக்கலாம் என்பதால், இந்த ஏடுகளை ‘அலுவல்தானே’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கையெழுத்து முதலில் மிரட்டும். ஒரே ஆளின் தெளிவான கடிதம் ஒன்றை எடுத்து, அவர் எழுதும் பெரிய எழுத்துகளையெல்லாம் ஒரு தாளில் பார்த்து வரைந்துகொண்டால் மற்றவை படிப்படியாகப் பிடிபடும். தாளையும் தபால் செலவையும் மிச்சப்படுத்த, எழுதி முடித்த பக்கத்தைக் குறுக்கே திருப்பி அதன்மேலேயே எழுதும் பழக்கமும் அக்காலத்தில் உண்டு. அத்தகைய பக்கத்தைப் படமெடுத்துத் திரையில் திருப்பித் திருப்பிப் படிப்பதே எளிது. தேதிகளில் மூன்று சுருக்கங்களைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்: ‘இன்ஸ்ட்’ என்றால் இம்மாதம், ‘அல்ட்’ என்றால் சென்ற மாதம், ‘பிராக்ஸ்’ என்றால் வரும் மாதம். ஆகஸ்ட் 3 தேதியிட்ட கடிதத்தில் ‘27 அல்ட்’ என்று இருந்தால் அது ஜூலை 27. இந்த ஒரு சுருக்கத்தைத் தவறவிட்டால் நிகழ்ச்சியே ஒரு மாதம் தள்ளிப்போய்விடும்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது: சான் ஹுவான், 1859

மேலே சொன்ன ஜூலை 27ஐ நான் வேண்டுமென்றேதான் எடுத்தேன். அன்றைக்குத்தான் அமெரிக்கத் தரைப்படைக் கேப்டன் ஜார்ஜ் பிக்கெட் தம் படைவீரர்களோடு, வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் உள்ள சான் ஹுவான் தீவில் இறங்கினார். 1846இல் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், வான்கூவர் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடைப்பட்ட கடற்கால்வாய் வழியே எல்லை போகும் என்றது. அங்கே இருந்ததோ ஒன்றுக்கு மேற்பட்ட கால்வாய், நடுவில் இந்தத் தீவு. 1859 ஜூன் 15 அன்று அமெரிக்கக் குடியேறி ஒருவர் தம் தோட்டத்தில் புகுந்த, ஹட்சன்ஸ் பே கம்பெனி என்னும் பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் பன்றியைச் சுட்டுக்கொல்ல, அதிலிருந்து வளர்ந்த தகராறு இரு நாட்டுப் படைகளையும் நேருக்கு நேர் நிறுத்தியது. தீவின் முன்னால் ட்ரிபியூன் கப்பலோடு நின்றவர் ஹார்ன்பி. பிரிட்டிஷ் படையைத் தீவில் இறக்கும்படி வான்கூவர் தீவின் ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் ஆணையிட்டார். ஆகஸ்ட் 3 அன்று ஹார்ன்பி பிக்கெட்டைச் சந்தித்துப் பேசினார்; இருவரும் கடிதமும் பரிமாறிக்கொண்டார்கள். கைவசம் மிகுந்த வலிமை இருந்தும் ஹார்ன்பி படையை இறக்கவில்லை. சில நாட்களில் வந்துசேர்ந்த ரியர் அட்மிரல் ராபர்ட் பேன்ஸ் அந்த முடிவையே ஏற்றார். தீவு பன்னிரண்டு ஆண்டுகள் இரு நாட்டுப் படையின் கூட்டுப் பொறுப்பில் இருந்து, 1872இல் ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் சொன்ன தீர்ப்பால் அமெரிக்காவுக்குப் போனது. அந்தத் தகராறில் செத்தது பன்றி மட்டும்தான்.

புதியவர்கள் பயிற்சிக்கு இந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆளுநரின் அலுவல் கடிதங்கள் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியுள்ள காலனிக் கடிதத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹார்ன்பி தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களை, அவருடைய மகள் 1896இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் அச்சிட்டிருக்கிறார். ஒரு தாளை மூன்றாகக் கோடிட்டு, நாள்வாரியாக ஆளுநரின் ஆணை, ஹார்ன்பியின் அலுவல் பதில், மனைவிக்கு எழுதியது என்று நிரப்புங்கள். கடற்படை அதிகாரி ஓர் ஆளுநரைப் பற்றி அலுவல் தாளில் எழுத முடிந்ததற்கும் வீட்டுக்கு எழுத முடிந்ததற்கும் உள்ள தொலைவு அப்போது கண்ணுக்குத் தெரியும். அலுவல் கடிதத்தை மட்டும் படித்தவருக்கு அவர் ஆணையை நிறைவேற்றத் தயங்கியவராகத் தெரிவார். வீட்டுக் கடிதத்தை மட்டும் படித்தவருக்குத் தனியாக நின்று போரைத் தவிர்த்தவராகத் தெரிவார். இரண்டையும் ஒருங்கே வைக்கும்போதுதான், லண்டனிலிருந்து பதில் வர வாரக்கணக்கில் ஆகும் ஓர் இடத்தில், ஆணையின் எழுத்துக்கும் நோக்கத்துக்கும் நடுவே நின்று முடிவெடுத்த முப்பத்து நான்கு வயது அதிகாரியைக் காண முடிகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். மகள் எழுதிய வாழ்க்கை வரலாறு மகள் எழுதியதுதான். எந்தக் கடிதத்தை அச்சிடுவது, எந்த வரியை நீக்குவது என்று முடிவுசெய்தவர் அவர். அச்சில் உள்ள கடிதத்தை மேற்கோள் காட்டும் முன் கிரீனிச்சில் மூலத்தைப் பார்க்க வாய்ப்பு இருந்தால் பார்த்துவிடுங்கள்.

இதே ஆள் 1878இல் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதும் பயன் தரும். மத்தியதரைக் கடற்படைத் தலைவராக இருந்த அவருக்கு ரஷ்ய–துருக்கிப் போரின்போது டார்டனெல்ஸ் நீரிணைக்குள் போகும்படி ஜனவரியில் ஆணை வந்தது. நுழையும் தறுவாயில் திரும்பிவிடும்படி மறு ஆணை வந்தது. பிப்ரவரி 13 அன்று பனிப்புயலுக்கு நடுவே அவர் படை உள்ளே போனபோது அவருடைய கொடி பறந்த அலெக்சாண்ட்ரா கப்பலே தரைதட்டி, பிறகு மீண்டது. 1859இல் வாரக்கணக்கில் காத்திருந்த கைகளுக்கு இப்போது தந்தி வந்துவிட்டது. ஆகவே 1870களுக்குப் பிந்தைய அதிகாரியின் தாள்களில் கடிதத்தோடு தந்திகளையும் தேடுங்கள். தந்திக்கு நாள் மட்டும் போதாது, அனுப்பிய மணியையும் பெற்ற மணியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெளியிடும் முன்

இறந்து நூறாண்டு ஆனவரின் கடிதத்துக்குப் பதிப்புரிமை ஏது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சேறாமல் கிடந்த பழைய கடிதங்கள் பெரும்பாலானவற்றுக்கு 2039 முடியும்வரை பதிப்புரிமை இருக்கிறது. படிப்பதற்கும் குறிப்பெடுப்பதற்கும் தடையில்லை; முழுக் கடிதத்தை வெளியிடுவதென்றால் காப்பகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். காப்பகத்தின் பெயரையும் கட்டின் குறியீட்டையும் மேற்கோளோடு தருவது எப்போதுமே கடமை.

லண்டனுக்குப் போகும் வசதி இப்போது இல்லாதவர்கள் இலங்கையிலிருந்தும் தொடங்கலாம். கிழக்கிந்தியக் கடற்பகுதியின் தலைமைத் தளமாகத் திருகோணமலை நெடுங்காலம் இருந்தது; அப்பகுதிக்குத் தலைமை தாங்கிய ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஆஸ்டின், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, 1852 அக்டோபர் 7 அன்று பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் காலராவால் இறந்து, திருகோணமலையில் புதைக்கப்பட்டார். அவருடைய நாட்குறிப்புகள் கிரீனிச்சில் ஏயுஎஸ் என்னும் குறியீட்டில் உள்ளன. திருகோணமலையில் இருப்பவர் கல்லறைக் கல்லில் உள்ள பெயரையும் தேதியையும் அப்படியே எழுதிக்கொண்டு, 1852ஆம் ஆண்டு நேவி லிஸ்ட்டை இணையத்தில் திறந்து, முதல் கட்டத்தை நிரப்பலாம்.